மாட் பெர்ல்: ஒரு கிளையின் புக்கிங் இன்னொரு கிளைக்குத் தெரிகிறது, என்ன செய்வது?

பார்சல் சர்வீஸ் ஒன்றின் புக்கிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரம் இதுதான். மென்பொருளை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். முதலில் பெர்ல் மொழியில் சாதாரண சிஜிஐ ஸ்கிரிப்டுகளாக (வெப் சர்வர் ரிக்வெஸ்டுக்கு ஒரு தடவை தனியாக ஓட்டும் நிரல்கள்) இருந்ததை அவரே பிறகு அபாச்சி வெப் சர்வருக்குள் மாட் பெர்லில் (பெர்லை அபாச்சிக்குள்ளேயே ஓட்டும் மாட்யூல்) ஏற்றி வேகமாக்கியிருக்கிறார். சமீபத்தில் சர்வரை உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்கு மாற்றினார்கள், கூடவே அதே சர்வரில் ஓடிய பிஎச்பி தளத்தை எஃப்பிஎம்முக்கு (பிஎச்பியை அபாச்சிக்கு வெளியே தனியாக ஓட்டும் முறை) மாற்றினார்கள். அன்றிலிருந்து சில மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று பிழை வந்தது. பழைய மாட்யூல் டைரக்டரியை, அபாச்சி கிளம்பும்போது ஓடும் ஸ்டார்ட்அப் கோப்பில் சேர்த்ததும் அது போய், லாகில் செக்மென்டேஷன் ஃபால்ட் (மெமரியில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டுப் புரோசஸ் சாவது) வர ஆரம்பித்திருக்கிறது. காலையில் முதல் சில ரிக்வெஸ்டுகள் டேட்டாபேஸ் பிழையில் விழுகின்றன. மெமரி ஏறிக்கொண்டே போகிறது. கடைசி வரியில், "எப்போதாவது ஒரு கிளை மேனேஜருக்கு வேறு கிளையின் புக்கிங் பட்டியல் வருகிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. முதலாளி எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடலாமா என்கிறார்" என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் கடைசியில் சொன்னதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் தொந்தரவு. இது மட்டும் ஆபத்து. அந்தப் பட்டியலில் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் இருக்கும், அதை வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். பட்டியலைப் பார்ப்பதோடு நிற்காமல் அதே ஸ்கிரிப்ட் எழுதவும் செய்தால், தப்பான கிளைக் கணக்கில் புக்கிங் ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்பது ஆறுதல் இல்லை, அதுதான் நோயின் அடையாளம்.

சிஜிஐயில் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதுப் பெர்ல் புரோசஸ் பிறந்து, வேலையை முடித்து, செத்துவிடும். அது என்ன குப்பை போட்டுவிட்டுப் போனாலும் கூடவே போய்விடும். மாட் பெர்லில் பெர்ல் இன்டர்பிரெட்டர் (பெர்ல் கோடை ஓட்டும் நிரல்), ரிக்வெஸ்டுகளைக் கவனிக்க அபாச்சி பெற்றெடுக்கும் சைல்ட் புரோசஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் ஒரு தடவைதான் கம்பைல் ஆகும், அப்புறம் அந்த சைல்ட் உயிரோடு இருக்கும் வரை அதே கோட், அதே குளோபல் மாறிகள், அதே டேட்டாபேஸ் கனெக்ஷன். வேகம் வந்ததும் இதனால்தான், நீங்கள் எழுதிய கோளாறுகளில் பாதிக்கு மேல் வருவதும் இதனால்தான். ஒரு பிழை வந்தால் "எந்த ஸ்கிரிப்ட்" என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த சைல்ட், அது பிறந்ததிலிருந்து எத்தனையாவது ரிக்வெஸ்ட், அதற்கு முன் அந்த சைல்ட் யாருக்கு வேலை செய்தது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் ஸ்கிரிப்டுகள், பழைய சிஜிஐ ஸ்கிரிப்டுகளை மாட் பெர்லில் ஓட வைக்கும் மாட்பெர்ல் ரெஜிஸ்ட்ரி வழியாக ஓடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ரெஜிஸ்ட்ரி என்ன செய்கிறது என்றால், உங்கள் கோப்பு முழுவதையும் எடுத்து ஹேண்ட்லர் என்ற ஒரு சப்ரொட்டீனுக்குள் (அழைத்தால் ஓடும் கோட் துண்டு) வைத்துக் கம்பைல் செய்கிறது. கோப்பின் தலையில் 'மை' (அந்தப் பகுதிக்கு மட்டும் உரிய மாறி என்று சொல்லும் சொல்) போட்டு அறிவித்த கிளைக் குறியீட்டு மாறி இப்போது அந்த ஹேண்ட்லரின் உள்மாறி ஆகிவிட்டது. கோப்பின் கீழே பெயர் வைத்து எழுதிய சப்ரொட்டீன்கள் எல்லாம் சப்ரொட்டீனுக்குள் சப்ரொட்டீன் ஆகிவிட்டன. பெர்லில் பெயருள்ள உள் சப்ரொட்டீன், வெளி மாறியின் முதல் பிரதியை மட்டும்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த சைல்டில் முதல் ரிக்வெஸ்டில் இரண்டும் ஒன்றாக இருக்கும், எல்லாம் சரியாக நடக்கும். இரண்டாவது ரிக்வெஸ்டிலிருந்து வெளியே புது மாறி, உள்ளே இருக்கும் சப்ரொட்டீனுக்கு மட்டும் முதல் ஆளின் கிளைக் குறியீடு அப்படியே நிற்கும். இருபது சைல்ட் ஓடினால் இருபதும் தனக்கு முதலில் வந்த ஆளை நினைவில் வைத்திருக்கும். அதனால்தான் சில நேரம் சரி, சில நேரம் தப்பு, ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் நல்லபடியாக ஓடுவது.

பெர்ல் இதைச் சொல்லாமலும் இல்லை. வார்னிங்ஸ் போட்டிருந்தால் எரர் லாகில் 'வேரியபிள் வில் நாட் ஸ்டே ஷேர்ட்' என்று மாறியின் பெயரோடும் வரி எண்ணோடும் எழுதும். கம்பைல் ஆகும்போது ஒரு சைல்டுக்கு ஒரு தடவை மட்டும் எழுதுவதால், ஸ்டார்ட் ஆன நேரத்து லாகைப் பார்க்காதவர்கள் கண்ணில் படுவதில்லை. லாக் சுழற்சியில் பழைய கோப்புகள் சுருங்கிக் கிடந்தால் அவற்றையும் விரித்து, 'ஸ்டே ஷேர்ட்' என்று தேடுங்கள். வார்னிங்ஸே போடாத ஸ்கிரிப்டுகளில் முதல் வேலையாக அதைப் போடுங்கள். ஸ்ட்ரிக்ட் (மாறிகளை அறிவிக்கக் கட்டாயப்படுத்தும் பெர்ல் அமைப்பு) போட்டிருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், ஸ்ட்ரிக்ட் இதைப் பிடிக்காது.

உறுதி செய்ய ஒரு டெஸ்ட் மெஷினில் அபாச்சியை ஒரே புரோசஸாக ஓட்டுங்கள், அதற்கான ஆப்ஷன் மைனஸ் போட்ட பெரிய எழுத்து எக்ஸ். உபுண்டுவில் அதை அபாச்சி2சிடிஎல் ஸ்கிரிப்ட் வழியாகவே கொடுங்கள். நேராக பைனரியை ஓட்டினால் என்விவார்ஸ் கோப்பில் இருக்கும் சூழல் மாறிகள் கிடைக்காமல் கிளம்பவே கிளம்பாது. இரண்டு பிரவுசரில் இரண்டு கிளையாக லாகின் செய்து மாற்றி மாற்றி அழுத்துங்கள். பல சைல்ட் ஓடும்போது வாரத்துக்கு ஒரு தடவை தலைகாட்டிய பிழை இங்கே இரண்டாவது கிளிக்கிலேயே வரும். லைவ் சர்வரில் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் புரோசஸ் எண், லாகின் செய்த கிளை, குவெரியில் போன கிளை மூன்றையும் ஒரே வரியில் லாகில் எழுதுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: புகார் வந்த நேரத்தில் அந்த ரிக்வெஸ்ட் லாகிலேயே இல்லை என்றால் தப்பு பெர்லில் இல்லை, முன்னால் பிராக்ஸி (ரிக்வெஸ்டை முதலில் வாங்கி அபாச்சிக்கு அனுப்பும் இடை சர்வர்) நின்றால் அது யாருடைய பக்கத்தையோ கேஷில் வைத்து எல்லோருக்கும் கொடுக்கிறது என்று அர்த்தம், அப்போது கேஷ் ஹெடரைப் பார்க்க வேண்டும்.

சரிசெய்வது கஷ்டமில்லை, ஆனால் அலுப்பான வேலை. நல்ல வழி, அந்த சப்ரொட்டீன்களை எல்லாம் தனி மாட்யூல் கோப்புக்கு நகர்த்தி, கிளைக் குறியீட்டை ஆர்குமென்டாக அனுப்புவது. அவசரத்துக்கு 'மை'யை 'ஔர்' ஆக்கிப் பேக்கேஜ் மாறியாக மாற்றச் சொல்வார்கள், வார்னிங் போய்விடும், அந்தக் கோளாறும் போகும். ஆனால் பேக்கேஜ் மாறி ரிக்வெஸ்ட் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும் என்பதால், ரிக்வெஸ்ட் தொடங்கியதும் கட்டாயம் அதைக் காலி செய்ய வேண்டும். "குக்கி இருந்தால் யூசரை நிரப்பு" என்று ஒரு இஃப் மட்டும் இருந்து எல்ஸ் இல்லாமல் இருந்தால், குக்கி இல்லாமல் வருகிறவர் முந்தின யூசராகவே உள்ளே போய்விடுவார். இது முதல் பிழையை விட மோசம். கூடவே ரெகுலர் எக்ஸ்பிரஷன்களின் கடைசியில் 'ஓ' கொடி இருக்கிறதா என்று தேடுங்கள், அது முதல் தடவை வந்த மதிப்போடு பேட்டர்னை உறையவைத்துவிடும். கோப்பைப் படிக்க வரிப்பிரிப்பு மாறியை 'லோக்கல்' இல்லாமல் காலி செய்திருந்தால் அதுவும் அடுத்த ரிக்வெஸ்டுக்குப் போய் வேறு எங்கோ உடைக்கும்.

இது முடியும் வரை ஒரு சைல்ட் ஒரே ஒரு கனெக்ஷனோடு சாகும்படி மேக்ஸ் கனெக்ஷன்ஸ் பெர் சைல்டை 1 ஆக்கி, கீப் அலைவையும் அணைத்து ஓட்டலாம். கீப் அலைவை விட்டுவிட்டால் ஒரே கனெக்ஷனில் பல ரிக்வெஸ்ட் வரும், அதனால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். முன்னால் பிராக்ஸி இருந்தால் அங்கிருந்து வரும் கனெக்ஷனுக்கும் இது பொருந்தும். வேகம் சிஜிஐ காலத்துக்குப் போய்விடும், பரவாயில்லை. வேகம் குறைந்தது என்று கிளைகள் திட்டினால் திட்டட்டும், அடுத்தவர் விவரம் வெளியே போவதை ஒரு நாள்கூட விட்டுவைக்க முடியாது.

அடுத்து அப்கிரேடு. உபுண்டு 20.04-ல் பெர்ல் 5.30, 22.04-ல் 5.34. முன்னவர் சிபானிலிருந்து (பெர்ல் மாட்யூல்களின் பொதுக் கிடங்கு) கையால் நிறுவிய மாட்யூல்கள் யூஎஸ்ஆர் லோக்கலுக்கு அடியில், 5.30.0 என்று பெயருள்ள டைரக்டரிகளில் இருக்கின்றன. புதுப் பெர்ல் 5.34.0 என்ற டைரக்டரியைத்தான் பார்க்கும், அதனால்தான் 'கேன்ட் லொகேட்' என்ற அந்தப் பிழை. நீங்கள் பழைய டைரக்டரியைத் தேடல் பாதையில் சேர்த்ததும் முழுக்கப் பெர்லிலேயே எழுதப்பட்ட மாட்யூல்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. சி மொழியில் எழுதி, எக்ஸ்எஸ் என்ற இணைப்பு மூலம் பெர்லோடு ஒட்டிய மாட்யூல்கள் அப்படி இல்லை, அவை எந்தப் பெர்லுக்காகக் கம்பைல் ஆனதோ அந்தப் பெர்லின் உள் அமைப்பை நம்பி நிற்பவை. 'ஹேண்ட்ஷேக் கீ' பொருந்தவில்லை என்று நின்றால் அது நல்ல முடிவு, நிற்காமல் ஏறி ஓடினால் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள்.

எடுத்த பிறகு என்னென்ன தேவை என்று பட்டியல் போடுங்கள். கையால் நிறுவியவை பெர்ல்லோக்கல் என்ற ஆவணத்தில் பெரும்பாலும் பதிவாகியிருக்கும், பழைய டைரக்டரியைப் பார்த்தாலே மிச்சம் தெரியும். உபுண்டு பேக்கேஜாகக் கிடைப்பதை அங்கிருந்தே எடுங்கள், டிஸ்ட்ரோ பெர்லை மாற்றும்போது அவையும் சேர்ந்து மாறும். கிடைக்காததை மட்டும் சிபானிலிருந்து புதிதாகக் கட்டி, சிபான்ஃபைல் என்ற பட்டியல் கோப்பில் பதிப்பு எண்ணோடு எழுதி, கோடோடு சேர்த்து கிட் (பதிப்புகளைப் பாதுகாக்கும் மென்பொருள்) கிடங்கில் வையுங்கள். முன்னவர் லோக்கல் லிப் (மாட்யூல்களைத் தனி டைரக்டரியில் நிறுவ உதவும் மாட்யூல்) பயன்படுத்தியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அதில் டைரக்டரிப் பெயரில் பெர்ல் பதிப்பு எண் கிடையாது, அதனால் புதுப் பெர்லும் பழைய எக்ஸ்எஸ் கோப்புகளை எதுவும் கேட்காமல் எடுக்கப் பார்க்கும்.

டெர்மினலில் பெர்ல் மைனஸ் வி போட்டுப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். டெர்மினலில் பெர்ல்ப்ரூ (பல பெர்ல் பதிப்புகளை நிறுவ உதவும் கருவி) வைத்த ஒரு பெர்ல் இருக்கலாம், அபாச்சிக்குள் இருப்பது மாட் பெர்லோடு இணைந்த வேறு பெர்ல். அபாச்சி கிளம்பும்போது எரர் லாகில் ஒரு வரி எழுதும், உங்கள் சர்வரில் அபாச்சி 2.4.52, மாட் பெர்ல் 2.0.12, பெர்ல் 5.34.0 என்று இருக்க வேண்டும். உள்ளே இருப்பது எது என்பதற்கு அதுதான் சாட்சி. அதே மாதிரி உங்கள் டெர்மினல் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் வைத்த பெர்ல்5லிப் என்ற மாட்யூல் தேடல் பாதை அபாச்சிக்குத் தெரியாது. "கமாண்ட் லைனில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் முடிகின்றன.

எக்ஸ்எஸ் மாட்யூல்களைப் புதிதாகக் கட்டிய பிறகும் சைல்ட் செத்தால் எம்பிஎம்மைப் (ரிக்வெஸ்டுகளைப் புரோசஸ்களுக்கும் திரெடுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் அபாச்சிப் பகுதி) பாருங்கள். பிஎச்பி அபாச்சிக்குள்ளேயே மாட்யூலாக ஓடிய வரை ப்ரீஃபோர்க் என்ற எம்பிஎம் (ஒரு சைல்ட் ஒரு நேரத்தில் ஒரு கனெக்ஷனை மட்டும் கவனிக்கும் வகை) இருந்திருக்கும், அதற்கு அதுதான் வேண்டும். எஃப்பிஎம்முக்கு மாறியதும் யாராவது ஈவென்ட் என்ற எம்பிஎம்முக்கு மாற்றியிருப்பார்கள், பிஎச்பிக்கு அது நல்ல மாற்றம்தான். ஆனால் ஈவென்டில் ஒரே புரோசஸுக்குள் பல திரெட் (ஒரே மெமரியைப் பகிர்ந்து பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலைகள்) ஓடும், மாட் பெர்ல் இன்டர்பிரெட்டரைக் குளோன் செய்து ஒவ்வொரு திரெடுக்கும் கொடுக்கும், திரெடுக்குத் தயாராகாத ஒரு எக்ஸ்எஸ் மாட்யூல் இருந்தாலும் புரோசஸ் மொத்தமும் விழும், அதோடு அந்த நேரத்தில் அதற்குள் இருந்த மற்ற ரிக்வெஸ்டுகளும் விழும். அபாச்சி2சிடிஎல்லுக்குப் பெரிய வி ஆப்ஷன் கொடுத்தால் எந்த எம்பிஎம் என்று காட்டும். ப்ரீஃபோர்க்குக்குத் திரும்புங்கள். படங்கள், கீப் அலைவ் கனெக்ஷன்கள் எல்லாம் பெர்ல் சைல்டுகளை அடைத்துக்கொள்வதைத் தவிர்க்க முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரைப் பிராக்ஸியாக வையுங்கள், பழைய மாட் பெர்ல் கோடுக்கு என் சிபாரிசு எப்போதும் இதுதான். அதற்கும் பிறகு விழுந்தால் கோர் டம்ப் (விழுந்த நேரத்து மெமரியின் பிரதி) டைரக்டரி வைத்து, ஜிடிபி என்ற டிபக்கரில் பேக்டிரேஸ் எடுத்து எந்தப் பகிர் நூலகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். யூகத்தில் மாட்யூல் மாட்யூலாகக் கழற்றிப் பார்ப்பதை விட அது சீக்கிரம் முடியும்.

இந்தச் சுத்தம் செய்கிற வேலையில் புதிதாக ஒரு பிழை கிளம்பலாம்: ரிக்வெஸ்ட்ரெக்கில் (ஒரு ரிக்வெஸ்டைக் குறிக்கும் மாட் பெர்ல் ஆப்ஜெக்ட்) பிரிண்ட் என்ற மெத்தட் இல்லை என்று. பயப்பட வேண்டாம். மாட் பெர்ல் 2-ல் அபாச்சி மெத்தட்கள் பல மாட்யூல்களில் பிரிந்திருக்கின்றன, பிரிண்ட் இருப்பது ரிக்வெஸ்ட்ஐஓவில். இதுவரை வேறு யாரோ அதை ஏற்றியிருந்ததால் உங்கள் கோட் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது, அந்த மாட்யூலை நீக்கியதும் தெரிகிறது. எந்த மெத்தட் எதில் என்று மெத்தட்லுக்அப் மாட்யூல் சொல்லும்.

காலைப் பிழைக்குக் காரணம் எளிது. மைஎஸ்க்யூஎல் சும்மா இருக்கும் கனெக்ஷனை 28,800 விநாடிக்கு, அதாவது 8 மணி நேரத்துக்குப் பிறகு துண்டித்துவிடும், அதன் இயல்பான அமைப்பு அது. இரவு அலுவலகம் மூடி, காலையில் முதல் ஆள் வரும்போது சைல்ட் செத்த கனெக்ஷனைப் பிடித்திருக்கிறது. கனெக்ஷன்களைச் சேமித்துக் கொடுக்கும் அபாச்சி டிபிஐ மாட்யூலை ஸ்டார்ட்அப் கோப்பில், பெர்லின் டேட்டாபேஸ் மாட்யூலான டிபிஐக்கு முன்னால் ஏற்றுங்கள். அப்புறம் ஸ்கிரிப்டுகள் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் வழக்கம்போல கனெக்ட் கேட்கட்டும், அது உயிர் இருக்கிறதா என்று பார்த்துப் பழையதையோ புதியதையோ தரும். கனெக்ஷன் ஹேண்டிலைக் குளோபல் மாறியில் நீங்களே பத்திரப்படுத்தினால் இந்தச் சோதனை நடக்காது. ஸ்டார்ட்அப் கோப்பிலேயே கனெக்ட் செய்து வைத்திருந்தால் அதையும் எடுங்கள், தாய்ப் புரோசஸ் திறந்த ஒரே சாக்கெட்டை எல்லா சைல்டும் பங்குபோட்டால் ஒருவர் கேட்ட பதில் இன்னொருவருக்குப் போகும். உங்கள் முதல் கோளாறுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம், அதனால் இதை இன்றே பாருங்கள். ஒரு சைல்டுக்கு ஒரு கனெக்ஷன் என்பதால் எண்ணிக்கையும் முக்கியம்: உபுண்டு ப்ரீஃபோர்க்கில் 150 சைல்ட் வரை அனுமதிக்கிறது, மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான வரம்பு 151. இரண்டு டேட்டாபேஸுக்குக் கனெக்ட் செய்கிற மென்பொருளாக இருந்தால் கூட்டம் வந்த நாளில் முட்டும்.

மெமரி விஷயத்தில், பெர்ல் ஒரு தடவை வாங்கிய மெமரியைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்காது, தானே மறுபடி பயன்படுத்த வைத்துக்கொள்ளும். மாத ரிப்போர்ட்டுக்கு எல்லா வரிகளையும் ஒரே அரேயில் அள்ளிய சைல்ட் அதே பருமனோடுதான் கடைசி வரை நிற்கும், அடுத்த ரிப்போர்ட் வேறு சைல்டுக்குப் போனால் அதுவும் பெருக்கும். அந்த ரிப்போர்ட்டை வரி வரியாகப் படிக்கும்படி மாற்றுங்கள். பொதுவான மாட்யூல்களை ஸ்டார்ட்அப் கோப்பில் தாய்ப் புரோசஸிலேயே ஏற்றினால் சைல்டுகள் அந்தப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். சைஸ்லிமிட் மாட்யூலைப் போட்டுப் பகிராத அளவுக்கு ஒரு வரம்பு வையுங்கள், அதைத் தாண்டிய சைல்ட் ரிக்வெஸ்டை முடித்துவிட்டு நல்லபடியாக விலகிவிடும். இருக்கும் ரேமில் டேட்டாபேஸுக்கு எடுத்தது போக மிச்சத்தை, ஒரு சைல்டின் பகிராத அளவால் வகுத்து வருவதுதான் உங்கள் சைல்ட் எண்ணிக்கை. ஸ்வாப்புக்கு (மெமரி போதாமல் டிஸ்கைப் பயன்படுத்துவது) போகிற அளவுக்கு விடவே கூடாது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. டெஸ்ட் பிரதியும் லைவும் ஒரே அபாச்சியில் இரண்டு டைரக்டரிகளில் இருக்கின்றன, இரண்டிலும் கான்ஃபிக் என்ற மாட்யூல் இருக்கிறது என்கிறீர்கள். பெர்ல் ஏற்றிய மாட்யூலைப் பெயரால்தான் நினைவில் வைக்கும், எந்த டைரக்டரியிலிருந்து வந்தது என்று மறுபடி பார்க்காது. ஒரு சைல்ட் முதலில் டெஸ்ட் பக்கத்தைச் செய்திருந்தால் அடுத்து வரும் லைவ் ரிக்வெஸ்டுக்கும் டெஸ்டின் கான்ஃபிக்தான், அதாவது டெஸ்ட் டேட்டாபேஸ். நிஜ புக்கிங் டெஸ்டில் போய் விழுந்திருக்கிறதா என்று டேட்டாபேஸில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். விர்ச்சுவல் ஹோஸ்டுக்கு (ஒரே அபாச்சியில் ஓடும் தனித் தளம்) தனி இன்டர்பிரெட்டர் கொடுக்க மாட் பெர்லில் வழி உண்டு, இருந்தாலும் டெஸ்டை வேறு போர்ட்டில் தனி அபாச்சியாகப் பிரிப்பதே நிம்மதி. மாறிய மாட்யூல்களைத் தானாக மறுபடி ஏற்றும் ரீலோட் மாட்யூலையும் அந்த டெஸ்ட் அபாச்சியில் மட்டும் வையுங்கள். லைவில் மாட்யூல் கோப்பை மாற்றினால் முழுசாக நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரி ஸ்கிரிப்ட் மட்டும் தானாகப் புதிதாகி, மாட்யூல் பழையதாகவே நின்று, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் புதுத் தலைவலி வரும்.

புதிதாக எழுதலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போது வேண்டாம். மாட் பெர்ல் பழையது, 1996-ல் தொடங்கியது, ஆனால் கைவிடப்பட்டது இல்லை, 2.0.13 பதிப்பு 2023-ல் வந்தது. பல வருட புக்கிங் விதிகள் அந்தக் கோடுக்குள் இருக்கின்றன, எழுதியவரும் இல்லை, அவற்றை முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் வேறு மொழியில் எழுதினால் ஒவ்வொரு விதியும் ஒரு கிளையின் புகாராகத்தான் திரும்பி வரும். சப்ரொட்டீன்களை மாட்யூலுக்கு நகர்த்தும் வேலையை நான் சொன்னபடி செய்தால் பாதித் தூரம் தானாகவே வந்துவிடும். அப்புறம் பிளாக் என்ற மாட்யூல் தொகுப்பு வழியாகப் பிஎஸ்ஜிஐக்கு (பெர்ல் வெப் மென்பொருளையும் சர்வரையும் இணைக்கும் பொது முறை) ஏற்றி, அபாச்சிக்கு வெளியே ஸ்டார்மேன் என்ற பெர்ல் சர்வரில் தனியாக ஓட்டலாம். பெர்ல் விழுந்தாலும் அபாச்சி விழாது, பெர்ல் பதிப்பையும் நீங்களே முடிவு செய்யலாம். ஸ்டார்மேனும் நீண்ட நாள் வாழும் புரோசஸ்தான் என்பதை முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குளோபல் மாறிகளைச் சுத்தம் செய்யாமல் அங்கே போனால் அடுத்த கிளையின் பட்டியல் அங்கேயும் வரும்.

முதலாளியிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள்: எந்தெந்தக் கிளை யாருடைய விவரத்தைப் பார்த்தது என்பதை அக்சஸ் லாகையும் கிளைகளின் புகார்த் தேதிகளையும் வைத்து முடிந்தவரை கண்டுபிடிக்க வேண்டும். லாக் சுழற்சியில் அழிவதற்கு முன் அந்தக் கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுத்து வையுங்கள், உபுண்டுவில் அபாச்சி லாக் இயல்பாக 14 நாள்தான் நிற்கும்.